கட்டுவது தமிழர் கை. திட்டமிடுவது எவர் கை?

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், துபாய் முதல் தோகா வரை, மஸ்கட் முதல் தம்மாம் வரை, தமிழ்க் குடும்பங்களில் எழும் வினா ஒன்றேதான்: பொறியியலா, மருத்துவமா? இவ்விரண்டும் வாய்க்காவிடில் கணக்காயர் படிப்பு. அதுவும் இல்லையெனில் வணிக மேலாண்மை. இந்த நான்கு வாசல்களுக்கு அப்பால் உள்ள கல்வித்துறைகள் பெரும்பாலான இல்லங்களில் பேச்சளவில்கூட இடம்பெறுவதில்லை. நகரத் திட்டமிடல் படிக்க விரும்புவதாக ஒரு மகள் சொன்னாலோ, பொருளியலில் ஆய்வு செய்து பேராசிரியராக விழைவதாக ஒரு மகன் சொன்னாலோ, "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதே பெற்றோரின் முதல் மறுமொழியாக இருக்கிறது.

அந்த வினாவில் தவறேதும் இல்லை. ஊரில் நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் கடல் கடந்தவர்கள், தம் பிள்ளைகள் அதே அலைச்சலுக்கு ஆளாகக் கூடாது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், அந்த வினாவோடு இன்னொரு வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. வளைகுடா நகரங்களின் கட்டடங்களிலும் சாலைகளிலும் துறைமுகங்களிலும் தமிழரின் வியர்வை கலந்திருக்கிறது. அந்த நகரங்களில் யார் எங்கே வாழலாம், வாடகை எவ்வளவு உயரலாம், பேருந்து எந்தத் தெரு வரை வரும், எவருக்கு எத்தனை ஆண்டு தங்கும் உரிமை என்பவற்றைத் தீர்மானிக்கும் அறிவுத்துறைகளில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்?

நகரங்கள் தாமாக வளர்வதில்லை

1960-ஆம் ஆண்டில் துபாயின் மக்கள்தொகை ஏறத்தாழ 40,000 மட்டுமே. அவ்வாண்டில்தான் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் ஜான் ஹாரிஸ் அந்நகருக்கான முதல் திட்டத்தை வரைந்தார். 1971-இல் இரண்டாவது திட்டமும் அவராலேயே வரையப்பட்டது. அதே காலத்தில், மணல் தூர்ந்து கிடந்த துபாய் க்ரீக் கடன் பெற்று ஆழப்படுத்தப்பட்டது. துபாயில் எண்ணெய் கண்டறியப்பட்டதோ 1966-இல்தான். எண்ணெய்ப் பணம் வரும் முன்னரே, வணிகத்தை நம்பிக் கடன் வாங்கலாம் என்று எடுக்கப்பட்ட அந்த முடிவு ஒரு பொருளாதாரக் கொள்கை முடிவு. 1979-இல் திறக்கப்பட்ட ஜெபல் அலி துறைமுகம், 1985-இல் உருவான அதன் கட்டற்ற வணிக வளாகம், 2002-இல் வெளிநாட்டவருக்கு வீடு வாங்க அளிக்கப்பட்ட அனுமதி, 2009-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ஆகிய அனைத்தும் அவ்வாறே எவரோ சிலர் அமர்ந்து ஆராய்ந்து எடுத்த முடிவுகள்.

அபுதாபியின் வரலாறு இன்னும் தெளிவான சான்று. 1968-இல் அந்நகரின் திட்டமிடல் பொறுப்பை ஏற்றவர் அப்துல் ரஹ்மான் மக்லூஃப் என்னும் எகிப்தியர். ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்று, கெய்ரோவில் ஆசிரியப் பணியாற்றிய கல்வியாளர் அவர். ஷேக் ஸாயிதின் விருப்பங்களை வரைபடமாக்கி, நேர்க்கோட்டுச் சாலைகளும் பெரும் கட்டங்களுமாக இன்று காணப்படும் நகரமைப்புக்கு உருவம் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர். ஹம்தான் தெருவிலும் எலக்ட்ரா தெருவிலும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் அன்றாட வாழ்வு, ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் வரைபலகையிலிருந்து தொடங்கியது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

இப்பணி முடிந்துபோன ஒன்றும் அன்று. 2021 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்ட துபாய் 2040 நகரப் பெருந்திட்டம், 2020-இல் 33 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2040-இல் 58 லட்சமாக உயரும் என்று கணக்கிடுகிறது. சவூதி அரேபியா 2016-இல் அறிவித்த தொலைநோக்கு 2030 திட்டமும், ஓமனின் தொலைநோக்கு 2040 திட்டமும் அந்நாடுகளின் நகரங்களையும் வேலைச் சந்தையையும் மாற்றியமைக்க முனைபவை. இன்று பள்ளியில் பயிலும் பிள்ளைகள் நடுவயதை எட்டும்போது வாழப்போகும் நகரங்கள் இப்போதே வரையப்பட்டு வருகின்றன.

ஓர் ஆய்வாளரின் இருபது ஆண்டுகள்

நகரத்தை ஆராயும் கல்வியாளர் என்னதான் செய்கிறார் என்று கேட்கும் பெற்றோருக்கு யாசர் எல்ஷெஷ்தாவியின் வாழ்க்கை நல்ல விடை. எகிப்தைச் சேர்ந்த இவர் 1997 முதல் 2017 வரை அல் ஐனிலுள்ள ஐக்கிய அரபு அமீரகப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்தார். வானளாவிய கோபுரங்களைப் பற்றி உலகமே எழுதிக்கொண்டிருந்தபோது, இவர் குறிப்பேட்டோடும் ஒளிப்படக் கருவியோடும் தேராவின் சந்துகளில் நடந்தார். பேருந்து நிலையங்களிலும் சதுக்கங்களிலும் வெள்ளிக்கிழமைகளில் தெற்காசியத் தொழிலாளர்கள் எங்கே அமர்கிறார்கள், எந்த நிழலில் கூடுகிறார்கள், எந்தப் புல்வெளியை ஊர்த்திண்ணையாக மாற்றிக்கொள்கிறார்கள் என்று பதிவு செய்தார். 2010-இல் வெளிவந்த துபாய் பற்றிய இவரது நூலும், 2019-இல் வெளிவந்த 'தற்காலிக நகரங்கள்' பற்றிய நூலும் இந்த உழைப்பின் விளைவுகள். 2016-இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் அமீரகத்தின் அரங்கை வடிவமைக்கும் பொறுப்பு இவருக்கு அளிக்கப்பட்டது. அமீரகக் குடிமக்களுக்கு அரசு கட்டித் தந்த வீடுகளும், அவற்றைக் குடும்பங்கள் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்ட விதமும் அங்கே காட்சிப்படுத்தப்பட்டன.

ஒரு வெளிநாட்டு ஆசிரியர், தாம் பணிபுரிந்த நாட்டின் மதிப்பைப் பெற்றதோடு, எவரும் கவனிக்காத எளிய மனிதர்களையும் அறிவுலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தேரா சந்துகளில் நின்றவர்களில் தமிழரும் இருந்தனர். அவர்களது பேச்சைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆய்வாளர் அங்கே நின்றிருந்தால், எத்தனை கூடுதல் செய்திகள் அந்நூல்களில் ஏறியிருக்கும்!

கேரளம் எண்ணியது

ஆய்வு என்பது நூலகத்தில் தூசி படியும் ஏட்டுச் சுரைக்காய் என்று கருதுவோர், அண்டை மாநிலமான கேரளத்தைப் பார்க்க வேண்டும். பொருளியல் அறிஞர் கே.என். ராஜின் முயற்சியில் 1970களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சி ஆய்வு மையம், வளைகுடாப் புலப்பெயர்வைத் தன் முதன்மை ஆய்வுப் பொருள்களில் ஒன்றாக ஏற்றது. வளைகுடா சென்ற ஆண்கள் ஊரில் விட்டுச்சென்ற பெண்களின் வாழ்வை ஆராய்ந்து லீலா குலாத்தி 1993-இல் நூல் வெளியிட்டார். 1998-இல் கே.சி. சக்கரியா, எஸ். இருதயராஜன் முதலான அறிஞர்கள் 10,000 வீடுகளுக்குச் சென்று முதல் கேரளப் புலப்பெயர்வுக் கணக்கெடுப்பை நடத்தினர். வெளிநாடு சென்ற கேரள மக்கள் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது.

அதோடு அவர்கள் நிறுத்திவிடவில்லை. கணக்கெடுப்பு மீண்டும் மீண்டும் நடத்தப்பட்டது. 2013-இல் 24 லட்சமாக உயர்ந்த எண்ணிக்கை 2018-இல் 21 லட்சமாகக் குறைந்ததும், 2023-இல் 22 லட்சமாக நின்றதும், வெளிநாடு செல்லும் மாணவர்களின் எண்ணிக்கை ஐந்தே ஆண்டுகளில் 1.29 லட்சத்திலிருந்து 2.5 லட்சமாக ஏறத்தாழ இரட்டிப்பானதும் அந்தத் தொடர் ஆய்வால்தான் தெரியவந்தன. இத்தகைய எண்கள் கையில் இருந்தமையால், திரும்பி வருவோருக்கான மறுவாழ்வு, புலம்பெயர்ந்தோருக்கான நலநிதி, ஓய்வூதியம் ஆகியவை பற்றிக் கேரளத்தில் நிகழும் விவாதங்கள் வெறும் மேடைப் பேச்சாக முடிவதில்லை. கோரிக்கை வைப்பவரும் மறுப்பவரும் ஒரே புள்ளிவிவரத்தின் மீது நின்று வாதிடுகின்றனர்.

தமிழகத்தின் நிலை என்ன? விரிவான புலப்பெயர்வுக் கணக்கெடுப்பு ஒன்று 2015-இல் நடைபெற்றது. வெளிநாடுகளில் வாழும் தமிழகத்தவர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்றும், அவர்களில் சுமார் 4 லட்சம் பேர் அமீரகத்தில் உள்ளனர் என்றும் அது மதிப்பிட்டது. கேரளத்துக்கு இணையான எண்ணிக்கை! ஆயினும், கேரளத்தில் உள்ளதுபோல் குறித்த இடைவெளியில் தொடர்ந்து எண்ணும் மரபு தமிழகத்தில் வேரூன்றவில்லை. மத்திய அரசின் பதிவேடுகளும் இக்குறையைத் தீர்க்க மாட்டா. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் கீழ், பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதோர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போதுதான் அரசின் முன்அனுமதி தேவைப்படுகிறது. அப்பதிவேட்டில் ஏறுவோர் பெரும்பாலும் அவர்களே. பத்தாம் வகுப்பு முடித்த ஓட்டுநரும் மின்பணியாளரும் அந்த ஏட்டில் இல்லை. சுற்றுலா விசாவில் சென்று வேலை தேடுவோரும் இல்லை.

தமிழக அரசு அயலகத் தமிழர்களுக்கெனத் தனித் துறையும் நல வாரியமும் அமைத்துள்ளது. ஜனவரி 12-ஆம் நாள் அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், எத்தனை பேர், எந்த மாவட்டத்தினர், எந்தத் தொழிலில், எவ்வளவு கடனோடு, எத்தனை ஆண்டுகளாக வெளியே உள்ளனர் என்று அறியாமல் தீட்டப்படும் நலத்திட்டம், அளவெடுக்காமல் தைத்த சட்டையாகவே இருக்கும். அளவெடுக்கத் தெரிந்தவர்கள் பொருளியலாளர்கள், மக்கள்தொகை ஆய்வாளர்கள், கொள்கை ஆய்வாளர்கள். அவர்களை ஒரு சமூகம் தன் வீடுகளிலிருந்துதான் உருவாக்க வேண்டும்.

வளைகுடாப் பிள்ளைகளிடம் உள்ள தனி அறிவு

இத்துறைகளுக்கு வளைகுடாவில் வளர்ந்த பிள்ளைகளைவிடப் பொருத்தமானோர் அரிது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் பல மாதங்கள் தங்கிக் கற்பவற்றை இவர்கள் பள்ளிப் பேருந்தின் சன்னலிலிருந்தே பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். ஒரு படுக்கையறையை மூன்று குடும்பங்கள் பலகைத் தடுப்பிட்டுப் பகிர்ந்துகொள்வதை அறிவார்கள். பெட் ஸ்பேஸ் என்ற சொல்லின் பொருள் அவர்களுக்கு அகராதியில் தேட வேண்டியதன்று. சோனாப்பூர் லேபர் கேம்ப்புக்கும் ஜுமைரா வில்லாவுக்கும் இடையிலுள்ள தூரம் வெறும் கிலோமீட்டர் கணக்கல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

2008-இல் துபாய் மாநகராட்சி 'ஒரு வில்லா, ஒரு குடும்பம்' என்ற விதியைத் தீவிரமாக நடைமுறைப்படுத்தியது. பாதுகாப்பும் நெரிசல் தவிர்ப்பும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். தீ விபத்து அச்சம் பொய்யானதும் அன்று. ஆனால் வாடகையைப் பகிர்ந்து காலம் தள்ளிய குறைந்த வருவாய்க் குடும்பங்களும் பேச்சிலர்களும் குறுகிய காலத்தில் வேறிடம் தேட நேர்ந்தது. அவர்கள் எங்கே சென்றனர்? அண்டை அமீரகங்களின் வாடகை அதனால் எவ்வளவு உயர்ந்தது? எத்தனை குடும்பங்கள் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பின? பள்ளிகளில் எத்தனை இடங்கள் காலியாயின? இவை நகரப் பொருளியலின் செம்மையான ஆய்வு வினாக்கள். அனுபவித்தவர்களுக்கு இவை துயரங்கள். முறைப்படி ஆராயப்பட்டால் அடுத்த விதியைத் திருத்த உதவும் சான்றுகள்.

அயல்நாட்டார் பலர் ஒன்றுகூடி வாழும் நகரம் தமிழருக்குப் புதிதன்று. பல மொழி பேசும் வேற்றுநிலத்தார் கலந்து வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தையும், சுங்கச்சாவடியில் சரக்குகளுக்குப் புலிமுத்திரை இட்ட அலுவலர்களையும் பட்டினப்பாலை விவரிக்கிறது. துறைமுகம், சுங்கம், புலம்பெயர்ந்தோர் குடியிருப்பு ஆகியவற்றை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூர்ந்து நோக்கிய மரபின் பிள்ளைகள், ஜெபல் அலியைக் கூர்ந்து நோக்கத் தயங்க வேண்டியதில்லை.

மறைக்கக் கூடாத சிரமங்கள்

இப்பாதையில் மலர்கள் மட்டுமே விரிந்துள்ளன என்று சொல்வது ஏமாற்று. முதுகலை முடித்து முனைவர் பட்டம் பெற ஏறத்தாழ முப்பது வயதாகிவிடும். அதற்குள் உடன் பயின்ற பொறியாளர் மகிழுந்து வாங்கியிருப்பார். ஆய்வு உதவித்தொகை உயிர் வாழப் போதுமே தவிர, ஊருக்குப் பணம் அனுப்பப் போதாது. வளைகுடாப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு ஆசிரியர்களின் பணி ஒப்பந்த அடிப்படையிலானது. ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடியும். இருபது ஆண்டுகள் கற்பித்த பின்னும் எல்ஷெஷ்தாவி அந்நாட்டின் குடிமகன் ஆகவில்லை. அமீரகம் 2019 முதல் வழங்கிவரும் கோல்டன் விசாவுக்கு ஆய்வாளர்களும் சிறந்த மாணவர்களும் தகுதி பெறலாம் என்பது ஓர் ஆறுதல். ஆயினும் அது நீண்டகாலத் தங்கும் அனுமதியே.

ஆய்வுச் சுதந்திரத்துக்கும் எல்லைகள் உண்டு. 2018-இல் அமீரகத்தில் ஆய்வு மேற்கொண்ட பிரித்தானிய முனைவர்பட்ட மாணவர் ஒருவர் உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, சில நாட்களில் மன்னிப்பு பெற்று விடுதலையானார். எந்த வினாவை எந்த நாட்டில் எவ்வாறு கேட்பது, எவரிடம் அனுமதி பெறுவது என்பதை அறியாமல் இத்துறையில் இறங்கக் கூடாது. பிள்ளைக்கு இவற்றையெல்லாம் எடுத்துரைப்பது பெற்றோரின் கடமை. இவற்றைக் காரணம் காட்டி வாசலையே அடைத்துவிடுவது அவர்களின் உரிமை ஆகாது.

"என்ன வேலை கிடைக்கும்?" என்ற வினாவுக்கும் விடை உண்டு. வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷய்யா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்து, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். பின்னர்த் தாயகம் திரும்பி 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரில் பொருளியல் பயின்ற தமிழரான எஸ். தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராகி, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்ற கொள்கையை 1989-இல் கொண்டுவந்தார். இந்தியாவுக்குள்ளேயே தேவை பெருகியுள்ளது. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் நகர்ப்புறக் குடியிருப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குப் பெருந்திட்டமே இல்லை. மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவைப்பட, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 4,000-க்கும் குறைவு. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காலி.

செல்லும் வழி

நகரத் திட்டமிடலில் இளங்கலை பயில விரும்புவோருக்கு ஜே.இ.இ. மெயின் தேர்வின் இரண்டாம் தாளில் தனிப் பகுதி உண்டு. டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய இடங்களில் இதற்கெனவே மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள் உள்ளன. பொறியியலோ கட்டடக்கலையோ முடித்தவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதுகலையாக இதைப் பயிலலாம். பொருளியலில் ஆர்வமுள்ளோருக்குச் சென்னைப் பொருளியல் பள்ளியும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் திருவனந்தபுரம் மையமும் உள்ளன. வளைகுடாவிலேயே தங்கிப் பயில விழைவோருக்கு ஷார்ஜா அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் கத்தார் பல்கலைக்கழகத்திலும் நகரத் திட்டமிடல் முதுகலைப் படிப்புகளும், துபாயின் முகமது பின் ராஷித் அரசாட்சிப் பள்ளியில் பொதுக்கொள்கைப் படிப்பும் இருக்கின்றன. எங்கு பயின்றாலும் மூன்று கருவிகள் இன்றியமையாதவை: புள்ளியியல், அரபு மொழி, தமிழ். அரபு தெரியாதவருக்கு நகராட்சி ஆவணம் திறவாது; தமிழ் தெரியாதவருக்குத் தொழிலாளியின் மனம் திறவாது.

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நட்சத்திர இரவும் இருக்கட்டும். அவ்விழாக்களுக்குத் திரட்டும் பொருளில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு மாணவரேனும் இத்துறைகளில் மேற்படிப்புச் செல்ல உதவித்தொகை அளிக்கலாம். உறுப்பினர் குடும்பங்களின் வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் தொகை ஆகியவற்றைப் பெயர் வெளியிடாமல் ஆண்டுதோறும் அந்தந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டுத் தொகுத்து வைக்கலாம். தமிழகப் புலப்பெயர்வுக் கணக்கெடுப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்துமாறு நல வாரியத்திடம் ஒன்றுபட்டு வலியுறுத்தலாம்.

இளைஞர்கள் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தான் வாழும் தெருவில் ஐந்தாண்டுகளில் வாடகை எப்படி மாறியது, எந்தக் கடைகள் மூடின, யார் வெளியேறினர், யார் குடிவந்தனர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கும் பதினாறு வயதுப் பிள்ளை ஏற்கெனவே இத்துறையின் மாணவர்தான். அந்தக் குறிப்பேட்டைக் காணும் பெற்றோர், "இதனால் என்ன பயன்?" என்று கேட்கும் முன், அதை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.